டைனமோ மாஸ்கோ, டைனமோ கீவ், டைனமோ டிரெஸ்டன்: இத்தனை அணிகளுக்கும் ஏன் ஒரே பெயர்?

சைக்கிள் சக்கரத்தில் உரசி விளக்கெரிக்கும் அதே டைனமோதான். நான் பள்ளியில் படித்த காலத்தில், இரவில் அது எரியாமல் வண்டி ஓட்டி வந்தால் முக்கில் நிற்கும் போலீஸ்காரர் டயரின் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பெயருக்கும் போலீசுக்கும் அதைவிட நெருங்கிய உறவு உண்டு என்பது, கால்பந்து வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

1923 ஏப்ரலில், சோவியத் அரசியல் காவல் துறையான ஜி.பி.யு.வினருக்காக, அதன் தலைவர் ஃபெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கியின் ஆதரவுடன் மாஸ்கோவில் தொடங்கப்பட்ட விளையாட்டுக் கழகமே டைனமோ. கால்பந்து, தடகளம், ஐஸ் ஹாக்கி எனப் பல பிரிவுகளுடன் அது ஜார்ஜியாவின் திபிலிசி, உக்ரைனின் கீவ் என்று பரவியது. போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியும் ருமேனியாவும் தத்தம் காவல் துறைகளுக்கு அதே பெயரில் கழகங்களை அமைத்தன. (குரோஷியாவின் ஸாக்ரெப் அணி பெயரை மட்டுமே எடுத்துக்கொண்டது.)

தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக்கில் இடமில்லாத அக்காலத்தில், துறையின் சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் வீரர் முழுநேரமும் பயிற்சி செய்யலாம். மியூனிக் 1972 போட்டியில் 100, 200 மீட்டர் ஓட்டங்களில் தங்கம் வென்ற வலேரி போர்ஸோவ், கீவ் டைனமோவின் வீரர். லெவ் யாஷின் 1953இல் டைனமோவின் ஐஸ் ஹாக்கி கோலியாகச் சோவியத் கோப்பையை வென்றவர். பிறகு கால்பந்தில் மட்டும் கவனம் செலுத்தி, 1963இல் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருதைப் பெற்றார். வேறெந்தக் கோல்கீப்பருக்கும் அது இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆனால் காவல் துறையே ஓர் அணிக்கு உரிமையாளராக இருந்தால் எதிரணியின் கதி என்ன? 1939 சோவியத் கோப்பை அரையிறுதியில் மாஸ்கோவின் இன்னோர் அணியான ஸ்பார்டக் 1-0 என்று திபிலிசி டைனமோவை வென்று, இறுதிப் போட்டியிலும் ஜெயித்துக் கோப்பையை எடுத்துச் சென்றுவிட்டது. அதன் பிறகு, முடிந்துபோன அந்த அரையிறுதியை மறுபடியும் ஆட வேண்டும் என்று உத்தரவு வந்தது! அப்போது காவல் துறைத் தலைவராக இருந்த பெரியா ஜார்ஜியாக்காரர் என்பதைச் சொன்னால் போதும். ஸ்பார்டக் மீண்டும் 3-2 என வென்றது.

ஸ்பார்டக்கை உருவாக்கிய நிகோலாய் ஸ்டாரோஸ்டினும் அவருடைய மூன்று சகோதரர்களும் 1942இல் கைது செய்யப்பட்டு, பத்தாண்டுத் தண்டனை பெற்றனர். வடக்கே உஹ்தா முகாமுக்கு அனுப்பப்பட்ட நிகோலாய்க்கு அங்கே கிடைத்த வேலை, உள்ளூர் டைனமோ அணிக்குப் பயிற்சியளிப்பது.