தோட்டை அடகு வைத்துக் கட்டிய அபராதம்

கேள்வி: பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிறேன். பாசி போட்ட காசு மொத்தத்தையும் வீட்டுக்காரர் பிடுங்கிக்கொள்கிறார். கை நீட்டியதில்லை. இதுவும் குடும்ப வன்முறையா?

ஆமாம். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் அடிப்பதோடு நிற்கவில்லை. வசவு, மிரட்டல், பாலியல் கொடுமை, காசைப் பறிப்பது எல்லாம் அதில் உண்டு. விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பிடுங்கிய பாசி, உங்கள் காசு.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான் அடிக்கிறார். குடிதான் காரணம் என்கிறார் மாமியார். கடலுக்குப் போனால் சரியாகிவிடும் இல்லையா? (தங்கச்சிமடம்)

61 நாள் படகு கரையில் கிடந்தால் எந்த வீட்டிலும் கஷ்டம்தான். குடி சண்டையைப் பெரிதாக்கும், அதுவும் உண்மை. ஆனால் எவ்வளவு போதையிலும் படகு முதலாளியான சம்மாட்டி மேல் அவர் கை வைத்ததில்லையே? ஆள் பார்த்துத்தான் அடிக்கிறார். குடிக்கு வைத்தியம் பாருங்கள், அடிக்குத் தனியாக மனு கொடுங்கள்.

கேள்வி: மேடம், அக்கா கேஸ் எப்போது முடியும்?

ஊர் இல்லை, கோர்ட் இல்லை, என்ன மனு என்றும் இல்லை. நான் குறி சொல்வதில்லை தம்பி. 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம், நடப்பில் இழுக்கும். இடைக்கால உத்தரவு கேட்டிருக்கிறாரா என்று முதலில் அக்காவிடம் விசாரியுங்கள்.

கேள்வி: கழுத்தைத்தான் பிடித்தார், காயம் எதுவும் இல்லை. இதற்குப் போய் ஆஸ்பத்திரியா?

இன்றைக்கே போங்கள். கழுத்து நெரிபட்டால் வெளியே தடமே இல்லாமல் உள்ளே வீங்கும்; சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சு அடைக்கும். கழுத்துக்கு வந்த கை அடுத்த முறை உயிரை எடுக்கலாம், அலட்சியம் வேண்டாம். அங்கே போய் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடாதீர்கள். மாதாமாதம் எழுதுகிறேன்: யார் அடித்தது என்று ஏ.ஆர். பதிவில் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) ஏறட்டும், காப்பி கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இதற்கு மேல் போலீசுக்குப் போனால் ஊரைப் பகைத்ததாகிவிடாதா?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. என்னிடம் வந்த ஒரு அம்மா, அரிசிப் பானைக்குள் வைத்திருந்த மூன்று தாளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றிலும் ஒரே வாசகம்: "இனி அடிக்க மாட்டேன்." மூன்றிலும் பெரியவர்கள் கையெழுத்து. மூன்றாவது முறை அபராதமும் போட்டிருக்கிறார்கள். பணம் ஊர்ப் பொதுவுக்குப் போனது. அதைக் கட்ட அடகுக்குப் போனது யாருடைய நகை தெரியுமா? அந்த அம்மாவின் தோடு. அடி வாங்கியதும் அவர், அபராதம் கட்டியதும் அவர்!

ஊர் பேசட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளை மீறினால் என்ன ஆகும்? இன்னொரு தாள். மாஜிஸ்திரேட் கொடுத்த பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "இது எங்கள் ஊர்ச் சமாசாரம்" என்பவர்களுக்கு ஒன்று: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் பத்துக்கு நாலு பேர் கணவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள்.

மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், அவரிடம் மனு கொடுங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசம். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ரசீது வாங்காமல் படி இறங்காதீர்கள்.

கேள்வி: வீடு மாமனார் பெயரில். வெளியே போ என்கிறார்கள். (மண்டபம்)

பெயர் யாருடையதாக இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் உங்களுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு. 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: புகுந்த வீடு தூத்துக்குடி. இப்போது தொண்டியில் அம்மாவோடு இருக்கிறேன். மனு எங்கே?

தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் போதும், இந்தப் பக்கமே போடலாம். அலைய வேண்டாம்.

கேள்வி: நாங்கள் சண்டை போடும்போது பையன் தூங்கிவிடுவான். ஆனால் ஒன்பது வயதில் படுக்கையை நனைக்கிறான்.

அவன் தூங்கவில்லை.

கேள்வி: பக்கத்து வீட்டில் தினமும் அலறல். நான் புகார் சொல்லலாமா, வம்பு வருமா? (தேவிபட்டினம்)

தாராளமாகச் சொல்லலாம், அந்தப் பெண்ணே வர வேண்டியதில்லை. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு கிடையாது. பெண்கள் உதவி எண் 181-ல் பேசுங்கள். கத்தி, கட்டை சத்தம் கேட்டால் உடனே அவசர எண் 112. அப்படி இல்லாத நாளில் போய்க் கதவைத் தட்டி, கொஞ்சம் சீனி கேளுங்கள்.