முழுக்கக் கூரை போட்ட முதல் ஷாப்பிங் மால் எது? அதன் வரலாறு என்ன?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸை ஒட்டிய ஈடைனா ஊரில் இருக்கும் சவுத்டேல் சென்டரைத்தான் பொதுவாக அப்படிச் சொல்வார்கள். 1956 அக்டோபர் 8 அன்று திறந்தார்கள்.

காரணம் வானிலை. அங்கே குளிர்காலம் நீளமானது, கடுமையானது, கோடையில் புழுக்கம். டேட்டன்ஸ் என்ற பல்பொருள் அங்காடிக்காரர்கள் கட்டடக்கலைஞர் விக்டர் க்ரூயனிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆண்டு முழுக்க ஒரே வெப்பநிலையில் இருக்கும்படி எல்லாக் கடைகளையும் அவர் ஒரே கூரைக்குள் கொண்டுவந்தார். கடைகள் உள்பக்கம் பார்த்தபடி இருக்கும், வெளியே வெறும் சுவர். இரண்டு தளம், எஸ்கலேட்டர், நடுவில் மரம் செடிகளோடு பெரிய முற்றம். போட்டிக் கடையான டொனால்ட்சன்ஸையும் உள்ளே சேர்த்ததுதான் என் பார்வையில் உண்மையான துணிச்சல்.

க்ரூயன் 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி வந்த வியன்னாக்காரர். வியன்னா மாதிரி மக்கள் நடந்து, உட்கார்ந்து, பேசிப் பழகும் இடம் அவர் கனவு. மால் கட்டடத்தைச் சுற்றி வீடு, பள்ளி, மருத்துவமனை, பூங்கா எல்லாம் திட்டமிட்டிருந்தார். ஆனால் மற்ற ஊர்க்காரர்கள் நகலெடுத்தது மால் கட்டடத்தையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டுமே. பிற்காலத்தில் அவரே அந்த மால்களை வெளிப்படையாகக் கண்டித்தார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

அப்புறம் 1992-இல் பக்கத்து ஊரான புளூமிங்டனில் மால் ஆஃப் அமெரிக்கா என்ற பிரம்மாண்டமான போட்டியாளர் வந்தது. சவுத்டேல் மூடவில்லை. சமீப ஆண்டுகளில் அதன் கார் நிறுத்துமிடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பும் ஹோட்டலும் எழும்பியிருக்கின்றன.