"எங்க வெச்சு அளந்தீங்க?"

கேள்வி: மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் "உங்களுக்கு வேலையில் அக்கறையே இல்லை" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. நன்றாகப் பதில் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. வேலையில் வரும் விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது?

பதில்:

திருப்பூரில் 14 வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கிற பனியன் கம்பெனிக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு லேட்டானால் பையர் என்னைத் திட்டுவார், பையர் கடைசி நேரத்தில் லேபிளை மாற்றினால் கம்பெனியில் என்னைத் திட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன், ஆனால் அந்தத் தகுதி நான் நன்றாக நடந்துகொண்டதால் வந்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஐரோப்பிய பையர் ஒருவருக்கு ஆண்கள் டி-ஷர்ட். சைஸ் செட் சாம்பிளை, அதாவது ஒவ்வொரு சைஸிலும் தைத்த மாதிரி பீஸை, நான்தான் அளந்து, அளவுகள் போட்ட ஸ்பெக் ஷீட்டில் எழுதி, கூரியரில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் கமெண்ட்ஸ் வந்தது. மீடியம் சைஸில் செஸ்ட் 1.5 செ.மீ. குறைவு, சாம்பிள் ரிஜெக்ட், திரும்ப அனுப்பவும். அந்த அளவில் கூடக் குறைய 1 செ.மீ. வரைதான் விடுவார்கள். நான் எழுதிய ஷீட்டிலோ எல்லா அளவும் பொருந்தியிருந்தது.

மறுநாள் காலை மீட்டிங்கில் கட்டிங், ஸ்டிட்ச்சிங், செக்கிங், பேக்கிங் என்று எல்லா ஆட்களும் உட்கார்ந்திருக்கும்போது புரொடக்‌ஷன் மேனேஜர் என்னைக் காட்டி, "இவருக்கு டேப் புடிக்கவே தெரியாதுங்க. இவர் எழுதற அளவை நம்பி நான் எப்படிக் கட்டிங் போடறது?" என்றார். யாரோ சிரித்தார்கள். அவர் சொன்னதைவிட அந்தச் சிரிப்புதான் ரொம்ப நாள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று ராத்திரி 11 மணிக்கு உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன். அவருடைய டிபார்ட்மெண்டில் நடக்கிற தவறுகள், ஆறு பாயின்ட். துணியை ரிலாக்ஸ் ஆக விடாமல் கட்டிங்குக்கு எடுக்கிறார்கள். ஊசி உடைந்தால் எழுதி வைக்கிற நோட்டு ஒழுங்காக இல்லை. ஒரு பண்டிலின் பீஸ் இன்னொரு பண்டிலில் கலக்கிறது. இப்படியே போனது. முதலாளிக்கு சிசி. அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் செக்கிங்கில் இருக்கிற அக்கா கூப்பிட்டார். எனக்குப் பேன்ட் போடத் தெரியாத காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருப்பவர். ரிஜெக்ட் ஆன சாம்பிளின், எங்களிடமே இருந்த ஜோடி பீஸை மேசையில் விரித்து, "எங்க வெச்சு அளந்தீங்க தம்பி?" என்றார். அளந்து காட்டினேன். கை சேர்கிற அக்குள் தையலிலேயே டேப்பை வைத்து, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம். அக்கா ஷீட்டைத் தட்டிக் காட்டினார். அக்குளுக்கு 2 செ.மீ. கீழே அளக்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருந்தது. "அப்புறம், இழுக்காம அளங்க. இது நிட் துணி. கொஞ்சம் இழுத்தா உங்களுக்கு என்ன அளவு வேணுமோ அது வந்துரும்."

துணியைத் தட்டையாக விரித்து, கை வைக்காமல், சரியான இடத்தில் அளந்தேன். 1.5 செ.மீ. குறைவு. பையர் எழுதிய அதே நம்பர்.

சரி, தப்பு என்னுடையது. புரொடக்‌ஷன் மேனேஜரிடம் போய் நின்றேன். என்ன திட்டு கிடைக்கப்போகிறதோ என்றுதான் போனேன். அவர் என் மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். நாலு பாயின்ட்டுக்கு நேராகப் பேனாவால் டிக் போட்டிருந்தது. "இந்த நாலும் நெசந்தான் தம்பி. துணி ரிலாக்ஸ் ஆகலைன்னு எழுதியிருக்கீங்கல்ல, செஸ்ட் குறைஞ்சதே அதனாலதான். இது உங்களுக்கு எப்ப தெரியும்?" மூன்று மாதமாகத் தெரியும் என்றேன். "மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்துட்டு, நான் திட்டின அன்னிக்கு ராத்திரி எழுதறீங்களே" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு: நிட் துணி, அதாவது பனியன் துணி, ரோலில் இருக்கும்போது இழுபட்டு இருக்கும். விரித்துப் போட்டு, குறைந்தது ஒரு ராத்திரியாவது அப்படியே விட்டால்தான் தன் சுய அளவுக்கு வரும். அவசரத்தில் அப்படியே வெட்டினால், வெட்டின பிறகு சுருங்கும். ஆக, பீஸ் குறைந்தது அவர்கள் தப்பு, குறைந்ததைக் கண்டுபிடிக்காமல் விட்டது என் தப்பு. நான் ஒழுங்காக அளந்திருந்தால் சாம்பிள் போகும் முன்பே தெரிந்திருக்கும். நான் மூன்று மாதம் முன்பே வாயைத் திறந்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்த பிரிண்ட் அவுட்தான். நீங்கள் கொடுக்க நினைக்கிற "நன்றாகப் பதில்" முழுக்கப் பொய்யாக இருக்காது, அதில் பாதிக்கு மேல் உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அதை இப்போது கொடுக்க வேண்டாம் என்கிறேன். திட்டு வாங்கின மறுநாள் சொல்கிற உண்மையை யாரும் உண்மையாகக் கேட்பதில்லை. நல்ல சரக்கை டேமேஜ் விலைக்குத் தள்ளிவிடுகிற மாதிரி. என் மேனேஜர் டிக் போட்டுப் படித்தது என் அதிர்ஷ்டம். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சண்டை போடறதுக்கு நான் எதுக்குப்பா சிசில?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் மேனேஜர் சொன்னது "அக்கறை இல்லை". இதற்கு அளவு கிடையாது, டேப் வைக்க இடமே இல்லை. "எனக்கு அக்கறை இருக்கு" என்று நீங்கள் சொன்னால் அதுவும் அதே மாதிரி காற்றில் நிற்கும். எங்களிடம் லைனில் யாராவது "தையல் சரியில்லை" என்று கத்தினால், உடனே வருகிற கேள்வி "எந்த பீஸ்?" என்பதுதான். பீஸை எடுத்து, குறை இருக்கிற இடத்தில் ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டினால்தான் பேச்சே தொடங்கும். அதையே கேளுங்கள், தனியாக, குரலில் குத்தல் இல்லாமல்: "எந்த வேலையைப் பார்த்து அப்படித் தோன்றியது? ஒன்று காட்டினால் போதும்." அவரால் காட்ட முடிந்தால் உங்களுக்குத் திருத்த ஒரு பீஸ் கிடைத்துவிட்டது. காட்ட முடியாவிட்டால் அது அவருக்கும் புரியும்.

காட்டிய பிறகு நான் இன்னொன்றும் கேட்பேன்: இது மேஜரா, மைனரா, அதாவது பெரிய குறையா, சின்னதா? ஏற்றுமதி இன்ஸ்பெக்‌ஷனில் ஏக்யூஎல் என்று, எத்தனை குறை வரை விடலாம் என்று முடிவு செய்கிற ஒரு முறை உண்டு. 3,201-லிருந்து 10,000 பீஸ் வரை உள்ள லாட், அதாவது மொத்தச் சரக்கு, என்றால், வழக்கமான லெவலில் அதிலிருந்து 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். பல பையர்கள் வைத்திருக்கிற 2.5 என்ற அளவுகோலில் 10 மேஜர் குறை வரை லாட் பாஸ், 11 வந்தால் ஃபெயில். உடைந்த ஊசி முனை துணியில் இருப்பது மாதிரி கிரிட்டிகல் குறை மட்டும் ஒன்றுகூட ஆகாது. சட்டைக்கே 10 வரை விடுகிறார்கள். நாமோ ஒரு வார்த்தை கேட்டவுடன் மொத்த லாட்டையும் நாமே ஃபெயில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தூங்காமல் கிடக்கிறோம். நானும் கிடந்திருக்கிறேன்.

தப்பு நம்முடையது என்று தெரிந்துவிட்டால் என்ன சொல்வது? திருப்பூரின் தேசிய வாக்கியம் "பாத்துக்கலாம்". ஒருமுறை 13 மேஜரோடு லாட் ஃபெயில் ஆனபோது, கரெக்டிவ் ஆக்‌ஷன் ரிப்போர்ட்டில் "இனிமேல் கவனமாக இருப்போம்" என்று எழுதி அனுப்பினேன். பையரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. கவனத்தை எங்களால் சரிபார்க்க முடியாது, என்ன மாறப்போகிறது என்று எழுதுங்கள் என்றார்கள். அப்புறம் உட்கார்ந்து, கழுத்து ரிப் வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி மணிக்கு ஒருமுறை ஐந்து பீஸ் பார்ப்பது, யார் பார்த்தது என்று நோட்டில் கையெழுத்துப் போடுவது என்று எழுதினோம். அது போதுமாக இருந்தது. மன்னிப்பு கேட்பதைவிட இது சுலபம், சுயமரியாதைக்கும் நல்லது.

குறை சொல்பவர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை நேவி ப்ளூ துணி ஒன்றை நான் அப்ரூவ் செய்ததற்கு முதலாளி சத்தம் போட்டார், ஷேடு சிவப்படிக்கிறது என்று. சாயங்காலம் அவர் ரூம் லைட்டில் பார்த்தால் உண்மையிலேயே அடித்தது. ஆனால் அந்த பையர் ஷேடு பார்க்கச் சொன்னது டி65, அதாவது பகல் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கில். இரண்டு துணி ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து இன்னொன்றில் பிரிந்து தெரிவது சாயத் தொழிலில் சகஜம். "ஒரு நிமிஷம் லைட் பாக்ஸ்ல பாத்தரலாம்ங்க" என்று, விளக்கை மாற்றி மாற்றி ஷேடு பார்க்கிற அந்தப் பெட்டிக்குக் கூட்டிப்போனேன். டி65-ல் எங்கள் துணியும் பையரின் மாதிரித் துணியும் ஒன்றாக நின்றது. முதலாளி, கடைகளில் இருக்கிற விளக்குக்கு ஈடான டிஎல்84 பட்டனையும் தானே அமுக்கிப் பார்த்துவிட்டு, "சரி, போடு" என்று போய்விட்டார். அந்த மெயிலுக்கு முந்தைய நானாக இருந்தால் அவர் ரூமிலேயே நின்று வாதாடியிருப்பேன், அந்த விளக்கு வெளிச்சத்தில்.

எல்லார் முன்னாலும் சொன்னதைப் பற்றி. அதைச் சும்மா விழுங்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் மேனேஜரிடம் பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது, "தப்பைச் சொல்லுங்கண்ணா, லைன் ஆளுங்க முன்னாடி வேண்டாம், அப்புறம் அவங்க நான் சொல்றதைக் கேக்க மாட்டாங்க" என்றேன். ஒத்துக்கொண்டார். இரண்டு மாதம் தாங்கியது. மறுபடி சொன்னேன், மறுபடி கொஞ்ச நாள் தாங்கியது. மனிதர்கள் அப்படித்தான். ஆனால் பேச்சு உங்கள் சாதி, ஊர், உடம்பு, வீட்டு ஆட்கள் பக்கம் திரும்பினால் அது விமர்சனமே இல்லை. அங்கே நான் மேலே எழுதின எதுவும் பொருந்தாது. தேதி, நேரம், யார் இருந்தார்கள் என்று எழுதி வையுங்கள், எச்ஆரிடம் எழுத்தில் கொடுங்கள். பெண்ணாக இருந்து பேச்சு பாலியல் ரீதியாகப் போனால், 2013-ஆம் வருடச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார் குழு இருந்தே ஆக வேண்டும், அங்கே போங்கள்.

நீங்கள் சொன்னது அந்த ரகம் இல்லை என்று தோன்றுவதால்: டிராஃப்டில் ஒரு மெயில் எழுதி வைத்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். அழிக்க வேண்டாம். முகவரி இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திறந்து, எதற்கெல்லாம் அவரே டிக் போடுவார் என்று பாருங்கள். அந்தப் பாயின்ட்களை மட்டும் ஒவ்வொன்றாக, சண்டை இல்லாத ஒரு நாளில், சிசி இல்லாமல் அவரிடம் கொண்டுபோங்கள். "எந்த பீஸ்?" கேள்வியை மட்டும் நாளைக்கே கேட்டுவிடுங்கள்.