புளூபெல் காட்டில் பாதையை விட்டு இறங்காமல் நல்ல படம் எடுக்க முடியுமா?

முடியும். புளூபெல் என்பது வசந்தத்தில் இங்கிலாந்துக் காடுகளில் தரையை மூடிப் பூக்கும் மணி வடிவ நீலப் பூ. சொல்லப்போனால், நீங்கள் ஆசைப்படும் அந்த நீலக் கம்பளம் பாதையில் நின்று எடுத்தால்தான் வரும்.

பூ அடர்த்தியாகத் தெரியவில்லை, இலையும் சருகும்தான் தெரிகிறது, நீலம் ஊதாவாகிவிட்டது, உள்ளே இறங்கி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேமராவோடு வந்த 18-55 மில்லிமீட்டர் லென்ஸை 18-இல், அதாவது மிக அகலமான கோணத்தில் வைத்து, நின்ற நிலையில், வெயில் ஏறிய பிறகு எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கெடுத்தது அந்த மூன்றும்தான். உள்ளே இறங்கினாலும் இதே படம்தான் கிடைக்கும்.

புளூபெல் ஒரு முழ உயரம்தான் வளரும். ஆள் உயரத்திலிருந்து கீழே பார்த்தால் செடிக்குச் செடி உள்ள இடைவெளிதான் கண்ணில் படும். அகலமான லென்ஸ் அதை இன்னும் விரித்துக் காட்டும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, லென்ஸை 100 முதல் 200 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். முன்வரிசைப் பூக்கள் பின்னால் உள்ள இடைவெளியை மறைத்துவிடும், பத்து மீட்டர் தூரத்துப் பூக்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினதுபோல வரும். இதற்குத் தூரம் வேண்டும். பாதை வளைகிற இடத்தில் நின்று, வளைவுக்கு உட்பக்கமாகக் குறிவைத்தால் அந்தத் தூரம் கிடைக்கும். 55 வரைதான் இருக்கிறது என்றால் 55-இலேயே வைத்து இன்னும் ஓர் அடி தாழ்த்துங்கள்.

மரத்தை உச்சிவரை காட்ட வேண்டாம். இலைகளுக்கு நடுவே தெரியும் வானம் வெள்ளைத் திட்டுகளாக வெளுத்துப்போய்க் கண்ணை இழுக்கும். அடிமரம் மட்டும் போதும்.

நிறம் ஊதாவாவதற்குக் காரணம் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைக் கேமரா தானாகச் சரிக்கட்டுவது. மர நிழலில் வெளிச்சமே நீலம் கலந்தது. கேமரா அதைச் சரிசெய்கிறேன் என்று மஞ்சளும் சிவப்புமாகச் சேர்க்கும், நீலப் பூ ஊதாவுக்கு நகர்ந்துவிடும். ரா கோப்பாக, அதாவது நிறத்தைப் பிறகு கணினியில் மாற்ற இடம் தரும் மூலக்கோப்பாக எடுங்கள். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில், அல்லது 5000 கெல்வினை ஒட்டி வையுங்கள். பிறகு கணினியில் ஊதா நிறத்தின் ஹியூவை (நிறச்சாயலை) மட்டும் நீலத்தை நோக்கிக் கொஞ்சம் தள்ளினால் போதும். சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) தொடாதீர்கள். இலைகளின் பளபளப்பைப் போக்க லென்ஸ் முன் மாட்டும் போலரைசர் வடிகட்டி நல்லது, ஆனால் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்னும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்). காற்று இல்லையென்றால் டிரைபாடில் லென்ஸ் திறப்பு எஃப் 8, ஷட்டர் 1/30 நொடி தாராளம். காற்றடித்தால் பூத்தலை ஆடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் வேகத்தை 1/250-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 800, 1600 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். டிரைபாடின் மூன்று காலும் பாதைக்குள் நிற்கட்டும்.

தெற்கு இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரை பருவம். பீச் மரம் அப்போதுதான் துளிர்த்து இளம்பச்சையாக இருக்கும் சில நாட்களை விட்டுவிடாதீர்கள். இலை முற்றி நிழல் மூடினால் பூவும் மங்கிவிடும். மே தொடக்கத்தில் சூரியன் ஐந்தரை மணிவாக்கில் உதிக்கிறது, அப்போதே போய்விடுங்கள். லண்டனுக்கு வடமேற்கே ஆஷ்ரிட்ஜ் பக்கம் உள்ள டாக்கி வுட் காடு மாதிரி பேர்போன இடங்களில் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றால் கூட்டத்தைத்தான் எடுக்க முடியும்.

பேரில்லாத காடுகளைத் தேடுங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:25,000 எக்ஸ்புளோரர் வரைபடத்தில் தலை உருண்ட மரக்குறி போட்ட காடு இலையுதிர் காடு, கூம்புக்குறி ஊசியிலைக் காடு. முதல் வகைக்குள் பச்சைச் சிறுகோடு போனால் அது பொது நடைவழி. கிழக்குப் பக்கம் வயல்வெளியாக இருந்தால் இன்னும் நல்லது, விடிந்த கொஞ்ச நேரம் வெயில் அடிமரங்களுக்கு இடையே படுக்கையாக உள்ளே நுழையும். பச்சை நெடுங்கோடு குதிரைகளும் போகும் வழி. குளம்பு பட்டு வசந்தத்தில் முழுக்கச் சேறாக இருக்கும், கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ் வேண்டும். உண்ணி ஏறாமலிருக்க பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். வழியில் கன்றுகளோடு மாடுகள் நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். நாய் கூட இருந்து மாடு துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள், நாய் தப்பித்துக்கொள்ளும்.

"ரெண்டு பூவை மிதித்தால் காடு அழிந்துவிடுமா?" என்று கேட்க ஆள் வருவார்கள், தெரியும். மிதிபடுவது பூ மட்டும் இல்லை, இலையும்தான். நசுங்கிய இலை உணவு தயாரிக்காது, அடியில் கிழங்கு சுருங்கும், அடுத்த ஆண்டு அங்கே பூ இருக்காது. விதை விழுந்து பூக்கிற செடியாக ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும். நில உரிமையாளர் அனுமதியில்லாமல் கிழங்கைத் தோண்டி எடுப்பதைத்தான் பிரிட்டனின் 1981 வனவுயிர்ச் சட்டம் குற்றம் என்கிறது, மிதிப்பதை அல்ல. ஆனால் தனியார் காட்டில் நடைவழி தரும் உரிமை அந்தக் கோட்டில் நடப்பதற்கு மட்டும். ஒருவர் படமெடுக்க இறங்கிய தடத்தைப் பார்த்து அடுத்தவர் இறங்குகிறார். மே முடிவதற்குள் அது ஒற்றையடிப் பாதையாகி மண் இறுகிவிடுகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நாயின் கழிவைப் பொறுப்பாகப் பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, அந்தப் பையை முள்மரக் கிளையில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அள்ளாமல் விட்டிருந்தால்கூட மழையில் கரைந்திருக்கும். பிளாஸ்டிக் பை அடுத்த வசந்தத்திலும் அங்கேயே தொங்குகிறது.

ஒற்றைப் பூவை நெருங்கி எடுக்க ஆசையா? பாதையோரத்திலேயே கிடைக்கும், மண்டியிட்டால் போதும். பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: தண்டு நுனி ஒருபக்கமாக வளைந்து, மணிகள் அந்தப் பக்கம் மட்டும் தொங்கி, இதழ் நுனி நன்றாகப் பின்னால் சுருண்டு, உள்ளே மகரந்தம் பாலாடை நிறத்தில் இருந்தால் அது இந்த மண்ணின் புளூபெல். தண்டு நிமிர்ந்து, மகரந்தம் நீலமாக இருந்தால் தோட்டத்திலிருந்து தப்பி வந்த ஸ்பானிய வகை.