ஜெர்மன் எழுத்துகளை முதலில் எப்படிப் பழகுவது? ஆங்கிலம் தெரிந்திருந்தால் போதாதா?

போதாது. இதே நினைப்போடு விமானம் ஏறியவள் நான். மொத்தம் 30 எழுத்து, அதில் 26 ஏற்கெனவே தெரியும், மிச்சம் நான்குதானே என்று நீங்களும் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த நான்கால் எனக்குத் தொல்லை வரவில்லை. தெரியும் என்று நம்பிய 26தான் காலை வாரியது.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது: ஜெயராஜ். ஸ்டுட்கார்ட் வந்த இரண்டாவது மாதம் பல்வலி. பல் மருத்துவரிடம் போனில் நேரம் கேட்டபோது, பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். ஆங்கிலத்தில் கூட்டினேன். ஜெர்மனில் ஏ எழுத்தின் பெயர் 'ஆ', ஈ எழுத்தின் பெயர் 'ஏ', ஐ எழுத்தின் பெயர் 'ஈ'. ஆகவே நான் ஏ என்றால் அந்த அம்மா ஈ எழுதியிருக்கிறார், நான் ஈ என்றால் ஐ, ஆர் என்று இழுத்ததற்கு ஏ!

நேரில் போனால் பட்டியலில் நான் இல்லை. கடைசியில், எந்த நாட்டுப் பெயர் என்றே தெரியாத ஒன்றின் மேல் விரலை வைத்து, "இதுவா?" என்றார். அதுதான் நான். திருத்தி எழுதி உட்காரவைத்தார்கள். சற்று நேரத்தில் "ஃபிராவ் யெயராய்" (ஃபிராவ் என்பது பெண்களின் பெயருக்கு முன் போடும் மரியாதைச் சொல்) என்று யாரையோ கூப்பிட்டார்கள். ஒருவரும் எழவில்லை. மூன்றாம் முறைதான் எனக்கு உறைத்தது: இங்கே ஜே என்றால் ய.

எனவே முதல் வாரம் இலக்கணத்தைத் தொடாதீர்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் உங்கள் பெயரைக் கூட்டத் தெரிய வேண்டும். என் பெயர்: யோட், ஏ, உப்சிலோன், ஆ, எர், ஆ, யோட். போனில் குழப்பம் வந்தால், உப்சிலோன் தவிர மற்றவற்றை ஊர்ப் பெயர்களால் சொல்லலாம்: யேனா, எஸ்ஸன், உப்சிலோன், ஆஹன், ரோஸ்டொக், ஆஹன், யேனா. 2022இல் வந்த முறை இது. வயதானவர்கள் இன்னும் அன்டோன், பெர்டா என்று ஆட்பெயர்களில்தான் சொல்கிறார்கள்.

மற்றபடி டபிள்யூ என்பது வ, வி பெரும்பாலும் ஃப, இசட் ட்ஸ். ஈயும் ஐயும் ஜோடியாக வந்தால், பின்னால் நிற்பதன் ஆங்கிலப் பெயரே ஒலி. 'வைன்' திராட்சை மது. இரண்டையும் இடம் மாற்றினால் 'வீன்', அதாவது வியன்னா. யூவின் மேல் இரண்டு புள்ளி இருந்தால், ஊ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ஈ சொல்லிப் பாருங்கள். கண்ணாடி முன் செய்யுங்கள், சிரிப்பு வரும், பரவாயில்லை.

தமிழ் எழுத்தில் இவற்றைக் காட்ட முடியாது என்று மொழியியல் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். முடியாதுதான், காதால் கேட்டே பழக வேண்டும். 'நான்' என்பதற்கான சொல்லை நான் இன்னமும் 'இஷ்' என்றுதான் சொல்கிறேன். அது பிழை என்று எனக்கே தெரியும். ஆனாலும் கடையில் ரொட்டி கிடைக்கிறது.

என் வருத்தம் வேறு. 28 வயது வரை சொந்தப் பெயரில் வாழ்ந்தவள், இங்கே அஞ்சல் பெட்டி, அழைப்பு மணி, அலுவலக அட்டை எல்லாவற்றிலும் அப்பாவாக இருக்கிறேன். தலைப்பெழுத்து முறையை ஓர் அலுவலரிடம் பத்து நிமிடம் விளக்கினேன். "அப்படியென்றால் உங்கள் குடும்பத்துக்குப் பெயரே இல்லையா?" என்று பரிதாபப்பட்டார்.

அந்த நான்கு புது எழுத்துகளில், ஆங்கில B போலத் தெரியும் எஸ்ட்செட் (ß), வெறும் ஸ்ஸ். நீங்கள் போவது ஸ்விட்சர்லாந்து என்றால் அதுவும் தேவையில்லை. அங்கே இரண்டு எஸ் போட்டு முடித்துவிடுகிறார்கள்.