தோட்டத்துத் துறவியின் கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொல்லித்தான் ஆங்கில நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பார்டின் 'ஆர்கேடியா' நாடகத்தை வாசித்தேன். அந்த மாளிகையும் அதில் நடக்கும் காதலும் பிடித்திருந்தன. ஆனால் நடுநடுவே சமன்பாடு, வெப்பம் என்று பாடம் வந்துகொண்டே இருக்கிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டால் நல்ல காதல் நாடகமாக இருந்திருக்காதா?

ம.

அன்புள்ள ம.,

எடுத்துவிட்டால் காதலும் கூடவே போய்விடும் என்று நினைக்கிறேன்.

1809, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சிட்லி பார்க் மாளிகை. அந்த வீட்டுப் பெண் தாமசீனாவுக்கு 13 வயது. ரைஸ் புட்டிங்கில் ஜாமைப் போட்டுக் கலக்கினால் சிவப்பு பரவுகிறது, திருப்பிக் கலக்கினால் ஏன் பிரிந்து வருவதில்லை என்று ஆசிரியன் செப்டிமஸிடம் கேட்கிறாள். காலம் ஒரே திசையில்தான் போகும் என்பதை ஒரு கிண்ணத்தில் கண்டுவிடுகிற குழந்தை! இயற்பியலாளர்கள் அதை விதியாக எழுத இன்னும் சில பத்தாண்டுகள் ஆகும். நாடகத்தின் துயரம் முழுக்க இந்தக் கேள்வியில் இருக்கிறது. கலந்தது பிரியாது, எரிந்தது திரும்பாது.

இப்போது 1812-க்கு வாருங்கள். மறுநாள் அவளுக்கு 17 வயது பிறக்கப் போகிறது. செப்டிமஸிடம் வால்ட்ஸ் நடனம் கற்றுக்கொள்கிறாள், தன் அறைக்கு வரச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான். அன்றிரவு தீவிபத்தில் அவள் இறந்துபோகிறாள் என்பது நமக்கு முன்பே தெரியும், நாடகத்தின் இன்னொரு பாதி நம் காலத்தில் அதே மாளிகையில் நடக்கிறது, அங்கே அதே மேஜையில் பழைய காகிதங்களைப் புரட்டுகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். மேடையில் அந்த மரணம் வருவதே இல்லை. நடனம் மட்டும்தான்.

அப்புறம் செப்டிமஸ் என்ன செய்தான்? மாளிகைத் தோட்டத்துக் குடிலில் துறவியாக உட்கார்ந்து, 1834-இல் சாகும்வரை கணக்குப் போட்டான். பிரபஞ்சம் குளிர்ந்து முடியும் என்று அவள் கண்டதற்கு மாற்றாக ஏதாவது நம்பிக்கை கிடைக்காதா என்று பக்கம் பக்கமாக இருபத்திரண்டு வருடம். அவளுடைய இன்னொரு சமன்பாட்டை நம் காலத்துப் பாதியில் வரும், அதே குடும்பத்தைச் சேர்ந்த வாலண்டைன் கணினியில் லட்சக்கணக்கான முறை ஓட்டிப் பார்க்கிறான். செப்டிமஸிடம் இருந்தது பென்சிலும் காகிதமும்தான். இதைவிடப் பெரிய காதல் கடிதத்தை நான் எந்த மேடையிலும் கண்டதில்லை. நீங்கள் எடுத்துவிடச் சொல்வது அந்தக் கடிதத்தைத்தான்.

கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு முறை வாசியுங்கள். அவளுடைய கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது, முழுக்கப் புரிவதற்கு முன்பே அவளை நம்பி முதல்தர மதிப்பெண் போட்டிருப்பதாகச் சொல்கிறான். மெழுகுவர்த்தியைக் கையில் கொடுத்து, தீ பத்திரம் என்கிறான்.