கர்ப்பிணிக்கு ஹெர்பிஸ் இருந்தால் பிள்ளைக்குத் தொற்றுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறேன். வயது 29. இது முதல் கர்ப்பம், இப்போது 30 வாரங்கள். திருமணமாகி ஒரு வருடத்தில், அதாவது 3 வருடங்களுக்கு முன்னர், பிறப்புறுப்பில் கடும் எரிவோடு கொப்புளங்கள் தோன்றின. வைத்தியர் ஹெர்பிஸ் என்றார். பிறகு இரண்டு தடவை இலேசாக வந்து மாறியது. கணவருக்கு இப்படி எதுவும் வந்ததில்லை என்பதால் எங்களுக்குள் மனக்கசப்பும் ஏற்பட்டது. வெட்கத்தால் கர்ப்பிணி கிளினிக்கில் இதைச் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஆபத்து உண்டா? சிசேரியன்தான் செய்ய வேண்டுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அம்மாவுக்கு உதட்டில் அடிக்கடி கொப்புளம் போடும். அதுவும் இந்த நோய்தானா?

பதில்: முதலில் உங்கள் பெரிய பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் தரிப்பதற்கு நெடுநாள் முன்னரே இந்தத் தொற்று வந்துவிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் எந்தப் பாதிப்பும் இல்லாமல் பிறக்கிறார்கள். உங்கள் நிலைமை அதுவே. ஆனால், கிளினிக்கில் சொல்லாமல் இருப்பதை மட்டும் அடுத்த தடவை போகும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரசில் முதலாம், இரண்டாம் என இரு வகைகள் உள்ளன. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ 64 சதவீதமானோரிடம் முதலாம் வகையும், 15 முதல் 49 வயது வரையானோரில் ஏறத்தாழ 13 சதவீதமானோரிடம் இரண்டாம் வகையும் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. முதலாம் வகை பெரும்பாலும் சிறுவயதில், வீட்டாரின் முத்தம் வழியாகவே வந்துவிடுகிறது. இரண்டாம் வகை பாலுறவின் மூலம் பரவுகிறது. தோலில் கொப்புளம் ஆறிய பின்னரும் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. உதட்டில் தொற்றியது முகத்து நரம்பின் முடிச்சிலும், பிறப்புறுப்பில் தொற்றியது முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்பு முடிச்சிலும் தங்கி, காய்ச்சல், கடும் வெயில், உடற்சோர்வு, மாதவிடாய் போன்ற வேளைகளில் நரம்பு வழியே மீண்டும் தோலுக்கு வருகிறது. அம்மாவுக்கு உதட்டில் வருவதைச் சூடு என்று சொல்லியிருப்பார்கள். அதுவும் இந்த வைரசே, பெரும்பாலும் முதலாம் வகை.

உங்கள் கணவரைப் பற்றியும் எழுத வேண்டும். இந்த வைரசைக் கொண்டிருப்போரில் பெரும்பாலானோருக்கு அது தம்மிடம் இருப்பதே தெரியாது. கொப்புளம் எதுவும் இல்லாத நாட்களிலும் தோலிலிருந்து வைரஸ் வெளியாவதுண்டு. எனவே, ஒருநாளும் நோய் தெரியாத ஒருவரிடமிருந்து, அதுவும் திருமணத்துக்குப் பல வருடங்களுக்கு முன்னர் அவருக்கு வந்திருந்த தொற்றிலிருந்து, துணைக்கு இது தொற்றலாம். சிறுவயதில் உதட்டில் வந்த முதலாம் வகையும் வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்புக்குச் செல்லும். ஆகவே, ஒரு கொப்புளத்தை வைத்து யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. இந்த ஒரு விடயத்தை அறியாததால் குடும்பங்கள் படும் வேதனை, நோய் தரும் வேதனையை விடப் பெரியது. இந்தப் பதிலை அவரோடு சேர்ந்து வாசியுங்கள். இருவரும் ஒன்றாகப் பேச விரும்பினால், கொழும்பு 10, டி சேரம் பிளேசில் இயங்கும் அரச பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் ஆலோசனையும் சிகிச்சையும் இலவசமாகவும் இரகசியமாகவும் கிடைக்கும்.

இனிப் பிள்ளையின் விடயம். தாய்க்குத் தொற்று வந்து சில வாரங்களில் அவளது உடல், வைரசை எதிர்க்கும் புரதங்களான எதிர்ப்புடலங்களை உருவாக்குகிறது. அவை தொப்புள்கொடி வழியாகப் பிள்ளையின் இரத்தத்தையும் அடைகின்றன. பழைய தொற்று உள்ள தாயின் பிள்ளை அந்தப் பாதுகாப்போடு பிறப்பதால், பிரசவ வேளையில் கொப்புளம் மீண்டும் வந்திருந்தாலும் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கு மேற்படுவதில்லை. ஆனால், வாழ்வில் முதல் தடவையாகக் கர்ப்பத்தின் கடைசி வாரங்களில் தொற்று வரும் தாய்க்கு எதிர்ப்புடலம் உருவாகிப் பிள்ளைக்குச் சென்று சேர நேரம் போதாது. பிறப்புப் பாதையில் வைரசும் மிகுதியாக இருக்கும். அத்தகைய பிரசவங்களில் பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 30 முதல் 50 சதவீதம் வரை உயர்கிறது. பிள்ளைக்கு ஆபத்தைத் தீர்மானிப்பது நோய் இருக்கிறதா இல்லையா என்பதை விட, அது எப்போது வந்தது என்பதே. இதுவரை இந்தத் தொற்று வராத கர்ப்பிணிகள், கணவருக்கு உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கொப்புளம் வரும் வழக்கம் இருந்தால், கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவையும் பாலுறவையும் தவிர்ப்பது நல்லது.

கிளினிக்கில் சொல்லச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 36 ஆவது வாரத்தில், குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பிருந்தால் அதற்கும் முன்னரே, வைரசை அடக்கும் மருந்தான அசைக்குளோவிர் மாத்திரையைப் பொதுவாக 400 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தடவை கொடுத்து, பிரசவ வேளையில் கொப்புளம் வரும் வாய்ப்பைக் குறைக்க முடியும். இந்த மருந்து வைரஸ் புகுந்த கலங்களுக்குள், வைரசின் சொந்த நொதியால் மட்டுமே முறையாகச் செயலூட்டப்படுவதால், மற்றக் கலங்களை ஏறக்குறைய தொடுவதில்லை. கர்ப்பிணிகளில் நீண்டகாலமாகப் பயன்படுத்தப்பட்டு வருகிறது. இதன் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றிய கெர்ட்ரூட் எலியன், மருந்தாக்க ஆய்வுகளுக்காக 1988 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உங்கள் சிறுநீரகங்களின் நிலையையும் பார்த்து மருந்தின் அளவை உங்கள் வைத்தியரே முடிவு செய்ய வேண்டும். மருந்துக்கடையில் நீங்களாக வாங்க வேண்டாம்.

சொல்வதால் வேறொரு பயனும் உண்டு. பிரசவ வேளையில் இதயத்துடிப்பை அறியப் பிள்ளையின் தலைத்தோலில் பொருத்தும் மின்வாய், பிள்ளையை வெளியே எடுக்க உதவும் வெற்றிடக் கருவி போன்றவை ஏற்படுத்தும் சிறு கீறல் வழியாகவும் வைரஸ் நுழையலாம். உங்கள் வரலாற்றை அறிந்தவர்கள் அவற்றை இயன்றவரை தவிர்ப்பார்கள்.

சிசேரியன் எல்லோருக்கும் தேவையில்லை. பிரசவ வலி தொடங்கும் போது கொப்புளமும் இல்லை, அது வருமுன் உணரும் கூச்சமும் எரிவும் இல்லை என்றால் இயல்பான பிரசவத்துக்குத் தடையே இல்லை. அவை இருந்தால், அமெரிக்க வழிகாட்டல்கள் சிசேரியனைப் பரிந்துரைக்கின்றன. பழைய தொற்று மீண்டும் வந்த நிலையில் ஆபத்து குறைவு என்பதால், தாயோடு பேசி முடிவெடுக்கலாம் என்பது பிரித்தானிய நிலைப்பாடு. உங்கள் மகப்பேற்று நிபுணரிடம் இதை இப்போதே பேசி வைத்துவிடுங்கள். வலி வந்த பின்னர் பேசுவது சிரமம்.

இவ்வளவு கவனம் எடுப்பதற்குக் காரணம், புதிதாய்ப் பிறந்த பிள்ளையில் இந்த நோய் அரிதாக வந்தாலும் கொடிதாக வருவதே. உலகளவில் 1,00,000 பிறப்புகளில் சுமார் 10 பிள்ளைகளுக்கே இது வருகிறது. சில பிள்ளைகளுக்குத் தோல், கண், வாய் ஆகியவற்றோடு நின்றுவிடும். சிலருக்கு மூளையைத் தாக்கும். சிலருக்கு ஈரல், நுரையீரல் என உடலெங்கும் பரவும். உடலெங்கும் பரவிய நோய்க்குச் சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலான பிள்ளைகள் இறந்துவிடுவார்கள். நரம்பு வழியாக அசைக்குளோவிர் ஏற்றும் சிகிச்சை, தோலோடு நின்ற நோய்க்கு 14 நாட்களும், மற்ற இரண்டுக்கும் குறைந்தது 21 நாட்களும் கொடுக்கப்படும். அது எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. ஆகவே, முதல் 6 வாரங்களில் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், ஓயாமல் சிணுங்கினால், உடல் சுட்டாலோ குளிர்ந்தாலோ, வலிப்பு வந்தால், மூச்சு விடச் சிரமப்பட்டால், கண் சிவந்தால், தோலில் ஒரேயொரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலும் கூட, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு சென்று உங்கள் நோய் வரலாற்றையும் சொல்லுங்கள். பொரளையில் லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை உங்களுக்குத் தூரமில்லை. கிரந்தி என்று எண்ணெய் பூசிக் காத்திருக்க வேண்டாம். நோயுற்ற பிள்ளைகளில் பலருக்குக் கொப்புளமே தோன்றுவதில்லை என்பதால், தோல் சுத்தமாக இருப்பதை நம்பியும் தாமதிக்கக் கூடாது.

அம்மா தாராளமாக வரட்டும். பிள்ளைகளுக்கு வரும் தொற்றில் ஏறத்தாழ 10 சதவீதம் பிறந்த பின்னர், அன்போடு கொடுக்கும் முத்தம் போன்றவற்றால் வருகிறது. உதட்டில் கூச்சம் தொடங்கியது முதல் புண் முழுதாகக் காய்ந்து ஆறும் வரை அம்மா முகக்கவசம் அணிந்து, சவர்க்காரத்தால் கைகழுவிவிட்டே பிள்ளையைத் தொட வேண்டும், முத்தமிடக் கூடாது. அந்த நாட்களில் குளிப்பாட்டுவதையும் தூக்குவதையும் நீங்களோ கணவரோ செய்யலாம். 31 ஆம் நாள் துடக்குக் கழிவுக்கு வரும் உறவினர்களுக்கும் இதுவே பொருந்தும். பிள்ளையை முத்தமிட வேண்டாம் என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. சொல்லத் தயக்கமாக இருந்தால் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

தாய்ப்பால் கட்டாயம் கொடுக்கலாம். இந்த வைரஸ் பாலின் மூலம் பரவும் நோயன்று. அசைக்குளோவிர் எடுக்கும் காலத்திலும் பாலூட்டலாம். மார்பில் கொப்புளம் தோன்றினால் மட்டும் அந்தப் பக்கத்தில் ஊட்டுவதை நிறுத்தி, அது ஆறும் வரை அப்பக்கத்துப் பாலைப் பீய்ச்சி அகற்றிவிட்டு, மறுபக்கத்தில் தொடருங்கள். அன்றே வைத்தியரிடமும் காட்டுங்கள்.